ஒப்புதலுக்குக் காத்திருந்த செய்தி

எங்கள் ஊருக்கென்று ஓர் இணையதளம் இருக்கிறது. பாம்பனுக்குப் பக்கத்தில், தென்கடலைப் பார்த்த கத்தோலிக்க மீனவ ஊர். தோஹாவில் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கும் என் தம்பிதான் அதை உருவாக்கினான். கோயிலுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கும் நான் ஊரிலிருந்து அதைக் கவனித்துக்கொள்கிறேன். திருவிழாப் படங்கள், இறப்புச் செய்திகள், காற்று எச்சரிக்கை, பூசை நேரம். அவ்வளவுதான் அதில் இருந்தது.

அதில் எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு சாட் ரூம் வேண்டும் என்று முதலில் கேட்டவள் நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண். வேகவைத்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் கீறலாக இருக்கும். என்னைவிடப் பத்து வயது இளையவள். கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

வாட்ஸ்அப்பில் ஊர்க்குழு இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று கேட்டேன்.

"அதுல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியுதுக்கா. என் தங்கச்சிக்கு நடந்தது ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். குழுவிலிருந்து அவள் தங்கையின் எண்ணை எடுத்து யாரோ எங்கெங்கோ கொடுத்துவிட்டார்கள். முன்பின் தெரியாத எண்களிலிருந்து அசிங்கமான செய்திகள் வந்தன. பிறகு அந்தப் பெண்ணைப் பற்றியே ஒரு கதை குழுவில் சுற்றியது. போட்டவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. தங்கை திருப்பூருக்கு மில் வேலைக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்குக்கூட ஊருக்கு வருவதில்லை.

தம்பியிடம் சொன்னேன். உற்சாகமாகிவிட்டான். மூன்று சாப்ட்வேர்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். நான் கடைக் கம்ப்யூட்டரில் பார்ப்பேன். அவள் கண்ணாடி விரிசல் விட்ட தன் போனில் பார்ப்பாள். ஒரு மாதம் இப்படிப் போனது.

முதலாவதில் பதிவு செய்யவே தேவையில்லை. ஏதாவது ஒரு பெயரை அடித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம். சோதித்துப் பார்த்த அன்று தம்பி என் பெயரில் நுழைந்து அவளோடு பேசினான். அவள் நான்தான் என்று நினைத்துக் கம்பெனிக் கதையெல்லாம் சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்ததும் அவள் முகம் சுருங்கியது. "இது வேணாம்க்கா" என்றாள். இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. படம் அனுப்பலாம், குரல் அனுப்பலாம். என் கடையில் நன்றாக ஓடியது. அவள் போனை எடுத்துக்கொண்டு வள்ளங்கள் நிற்கும் இடம்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். "அங்கன போனா சுத்திக்கிட்டே இருக்கு. திறக்கவே மாட்டேங்குது. கரையில நிக்கிற ஆளுக்கு ஒதவலைன்னா பெறகு யாருக்கு?"

மூன்றாவது, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவச சாப்ட்வேர். அலங்காரம் ஏதுமில்லை. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் எழுத்து போய்ச் சேர்ந்துவிடும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் போதும், போன் நம்பர் கேட்காது. அதில் ஒரு வசதி இருந்தது. புதிதாகச் சேர்கிறவர் போடும் முதல் செய்தி நேராக வெளியே தெரியாது. நிர்வாகிகளான நானோ தம்பியோ பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். ஒருமுறை ஒப்புதல் கிடைத்துவிட்டால் அதன்பிறகு அவர் விருப்பம்போல் எழுதலாம்.

தம்பி தயங்கினான். "அக்கா, எனக்கு ஆலைக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. நீதான் எந்நேரமும் பாத்துக்கிட்டு இருக்கணும். ஒன்னால முடியுமா?"

பக்கத்தில் இருந்த அவள், என் போனை நோக்கிக் குனிந்து சொன்னாள். "பாத்துத்தான் விடணும் தம்பி. கண்டவன் வந்து கண்டதப் போட்டுட்டுப் போறதுக்கா நாம இத வைக்கிறோம்?"

"நான் பாத்துக்கிறேன்டா" என்றேன். 'ஒப்புதல் தேவை' என்ற கட்டத்தில் டிக் அடித்தவள் நான்தான்.

ஒப்புதலுக்குச் செய்தி வந்தால் என் போன் மணி அடிக்கும்படி தம்பி அமைத்துக் கொடுத்தான். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு எங்கிருந்தோ விளம்பரக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். லோன் வேண்டுமா, ரம்மி ஆட வாங்க என்று ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. பூசையில் இருக்கும்போது அடிக்கும், குளிக்கும்போது அடிக்கும். இரண்டாவது மாதம் அந்த மணியை அணைத்துவிட்டேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை நானே திறந்து பார்த்து, விளம்பரங்களை அழித்துவிட்டு, தெரிந்தவர்களை உள்ளே விடுவேன். தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

சாட் ரூம் நன்றாக நடந்தது. கம்பெனிப் பெண்கள் பேசினார்கள். கேரளாவில் தொழில் பார்க்கப் போனவர்கள் அங்கிருந்து காற்றைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு வருடத்துக்குமேல் ஒரு அவதூறுகூட வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கணவர் கடலுக்குப் போனார். நண்டுவலை போடுகிறவர். சின்ன பைபர் வள்ளம், நீல நிறம், தனியாகத்தான் போவார். பதினோரு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிற ஆள் மூன்று மணியாகியும் வரவில்லை. அவள் கம்பெனி உடுப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்கு ஓடிவந்தாள். "அக்கா, சாட்ல போடுக்கா. யாராச்சும் பாத்தாகளான்னு கேளு."

போட்டேன். வள்ளத்தின் நிறம், எஞ்சின், அவர் போட்டிருந்த சட்டை. அதைப் பலரும் எடுத்து, சாட் ரூம் முகவரியோடு வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை முழுவதும் எங்கள் ஊர் வள்ளங்கள் அவர் வலை போட்ட இடத்திலும் அதற்குக் கிழக்கேயும் தேடின. ஒன்றும் அகப்படவில்லை.

வியாழக்கிழமை காலையில் தேடுதலைப் பெரிதாக்கச் சொல்லி மனுக் கொடுக்க நானும் அவளும் இராமேஸ்வரத்தில் மீன்துறை அலுவலகத்துக்குப் போனோம். மனுவை நான்தான் டைப் செய்திருந்தேன். உள்ளே போகுமுன் போனைச் சைலண்டில் போட்டு, ரேஷன் கார்டு நகல்களுக்கும் வள்ளத்தின் பதிவுத் தாளுக்கும் அடியில் பைக்குள் வைத்தேன். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பினார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நேரம்தான் ஆனது. வராந்தா பெஞ்சில் அவள் என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்மூடினாள். இரண்டு நாளாகத் தூங்காதவள், எழுப்பக்கூடாதென்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மதியம் சாட் ரூமைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

கடைக்குத் திரும்பியபோது மணி நாலரை. அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒப்புதலுக்குக் காத்திருப்பவை ஏழு என்று காட்டியது. ஆறு விளம்பரம். ஏழாவது இது:

"நான் மாரியூர். இன்னைக்குக் காலைல நீல வள்ளம் கவுந்து மெதந்தத பாத்தேன். மேல ஒரு ஆளு படுத்துப் புடிச்சிருக்காரு. உயிரோட இருக்காரு. அலைல கிட்ட போக முடியல. எங்க கரைக்கு நேர் தெக்க, ரெண்டு மணி நேர ஓட்டம். ஆள் கூட்டிட்டு மறுபடி போறோம். நீங்களும் வாங்க."

அனுப்பிய நேரம் காலை 10.12.

கை பழக்கத்தில் முதலில் ஒப்புதலைத்தான் அழுத்தினேன். அதன்பிறகுதான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உயிரோட இருக்காரா, உயிரோட இருக்காரா" என்று கேட்டுக்கொண்டே கரைக்கு ஓடினாள். எழுதியவரின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. எங்களுக்கு மேற்கே வெகுதூரத்தில் இருக்கிற மாரியூரில் உறவுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுவதற்கு இன்னும் அரைமணி நேரமானது. காவலர்களுக்குச் சொன்னோம். கீழக்கரைப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொன்னோம். வள்ளங்கள் கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை மாரியூருக்கும் மேற்கே உடல் ஒதுங்கியது.

அந்த சாப்ட்வேர், ஒப்புதல் கொடுத்த நேரத்தைத்தான் வெளியே காட்டும். அதனால் மாரியூரிலிருந்து செய்தி வந்தது மாலை 4.36க்கு என்றுதான் ஊர் முழுக்க நினைத்தது. உண்மையான நேரம் நிர்வாகிகள் பக்கத்தில் மட்டும் தெரியும். தம்பி அதைப் பார்த்துவிட்டான். வீடியோவில் கூப்பிட்டு காலை 10.12 என்று அந்த நேரத்தை வாசித்தான். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதக்கா. சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றான்.

நான்கு வாரம் சொல்லாமல்தான் இருந்தேன். அந்தச் செய்தியை அழித்துவிட்டால் நேரமும் சேர்ந்து போய்விடும். இரண்டு முறை அழிக்கிற பொத்தான்வரை போனேன். நல்லவள் என்பதால் நிறுத்தவில்லை. மாரியூர்க்காரர் எப்போதாவது வாயைத் திறந்தால் அழித்ததும் சேர்ந்து தெரிந்துவிடும் என்ற பயம்தான்.

முப்பதாம் நாள் பூசைக்குக் கார்டு அடிக்க அவள் வந்தாள். கணவரின் படத்தை மேசையில் வைத்தாள். கல்யாணத்துக்கு எடுத்த படம். அதை ஸ்கேன் செய்யக் கையில் எடுத்தேன், முடியவில்லை.

"அந்த மாரியூர் செய்தி சாயந்திரம் வரலை" என்றேன். "காலைல பத்து மணிக்கே வந்திருச்சு. ஒப்புதலுக்கு நின்னுக்கிட்டு இருந்திருக்கு. நாம ஆபீஸ்ல இருந்தோம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்தாள். வெளியே மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பாத்துத்தான் விடணும்னு நாந்தானக்கா சொன்னேன்" என்றாள்.

"நானுந்தான் சரின்னேன்."

"அவருக்குப் பதில் போட்டியா? அந்த மாரியூர்க்காரருக்கு?"

போடவில்லை. யாருமே போடவில்லை. பூசை முடிந்த வாரம் அவளோடு பஸ் ஏறினேன். இராமநாதபுரத்தில் மாறி, சாயல்குடி போய், அங்கிருந்து மாரியூர். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்தாள்.

"பாத்ததும் கரைக்கு வந்து ஒடனே போட்டேம்மா. ஒன்னும் பதில் இல்ல. சரி, ஊர்க்காரக வேற வழியா கெளம்பி வாராக போலன்னு நெனச்சோம். நாங்க ரெண்டு வள்ளம் போனோம். மதியத்துக்கு மேல காத்து ஏறிப்போச்சு. எடத்தக் கண்டுபுடிக்க முடியல."

"அவரு ஏதும் சொன்னாரா?" என்று அவள் கேட்டாள்.

அவர் தலை குனிந்துகொண்டார். "சத்தம் கேக்கலம்மா. ஒரு தடவ கையத் தூக்கினாரு."

நேரத்தோடு பதில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "யாராச்சும் பதில் சொல்லியிருந்தாகன்னா இன்னும் நாலு வள்ளத்தக் கூட்டியிருப்பேன். கெடைச்சிருப்பாரான்னு சொல்லத் தெரியல."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள், சிக்கல் என்ற ஊரைத் தாண்டியதும் கேட்டாள். "அக்கா, அப்படி ஒரு செய்தி வந்து நிக்குதுன்னா ஒன் போன்ல மணி கிணி அடிக்காதா?"

"இல்ல" என்றேன்.

அடிக்கும். சைலண்டில் இருந்தாலும் தனியாக அடிக்கும்படிதான் தம்பி வைத்திருந்தான். தோளில் சாய்ந்து அவள் தூங்கிய அந்த வராந்தாவில், நான் அணைக்காமல் இருந்து அது அடித்திருந்தால் இரண்டு பேருமே கேட்டிருப்போம்.

ஒப்புதல் முறையை அதற்கடுத்த நாளே எடுத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்குள் கம்பெனியில் வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணைப் பற்றி ஒரு கேவலமான கதை சாட் ரூமில் வந்தது. பெயரில்லாத ஆள். நான் பார்த்து அழிப்பதற்குள் பலர் படித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா கடை வாசலில் நின்று என்னைத் திட்டினாள். நான் உள்ளே போய் மறுபடி அந்த ஒப்புதல் கட்டத்தில் டிக் அடித்தேன். மணியையும் போட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு ரம்மி விளம்பரத்துக்கும் அது அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்கிறேன்.

அவள் இன்னும் நண்டுக் கம்பெனிக்குத்தான் போகிறாள். என்மேல் அவளுக்குக் கோபமில்லை. மாரியூர்ச் செய்தி பத்து மணிக்கே வந்ததென்று அவள்மூலமாகவே ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாராவது என்னைப் பற்றிப் பேச்செடுத்தால், "மெசின் செஞ்சதுக்கு அக்கா என்ன செய்யும்? எங்கூடத்தான இருந்துச்சு" என்று சண்டைக்குப் போகிறாளாம். கம்பெனியிலிருந்து வந்தவர்கள்தான் என்னிடம் சொன்னார்கள். போன வாரம் மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்ப வந்தாள். அப்பா பெயர் எழுதுமிடத்தில் முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டுமா என்று கேட்டாள். போட வேண்டும் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.