சிவராம் எழுதாமல் விட்ட வரி

சிதம்பரத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று மடிக்கணினி பழுதுபார்த்து வந்த சிவராம், பட்டயப்படிப்போடு நின்றவன். 2009 ஆனியில் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் தம் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுவைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு துபாய்க்குப் போய்விட்டார். திரையைத் திருப்பி விசைகள்மேல் படுக்கவைத்தால் சிலேட்டுப்போல் கையில் ஏந்தக்கூடிய கணினி அது. ஆனால் லினக்ஸில் திரை திரும்பினாலும் படம் திரும்பவில்லை. கீலில் இருந்த உணரி, அதாவது சென்சார், சொன்னதை லினக்ஸின் மையநிரலான கர்னலில் அதற்கென்று இருந்த டிரைவர் என்னும் துணைநிரல் கேட்கவே இல்லை.

நான்கு மாத உழைப்பில் சிவராம் அதைக் கேட்கவைத்தான். அதே சமயம் பெங்களூரு நிறுவனம் ஒன்று, கர்னலில் தன் பெயரில் ஒரு திருத்தம் ஏறியவருக்குப் பட்டம் தேவையில்லை, நேர்காணலுக்கு வரலாம் என்று எழுதியிருந்தது.

கர்னலைப் பராமரிக்கும் வெளிநாட்டவருக்குத் திருத்தத்தை அவன் அனுப்பிய மடல், வரிகள் உருச்சிதைந்திருப்பதாக இரண்டு முறையும் திரும்பிவந்தது. அக்காள் நித்யஸ்ரீயின் கணவர் மணவாளன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தார்.

“என்னா மச்சான், வெள்ளக்காரன் கதவே தொறக்கலியா? குடு, நான் அனுப்பறேன்.”

அனுப்புகிறவர் வேறு, எழுதியவர் வேறு என்றால், மடலின் முதல் வரியில் எழுதியவர் பெயர் இருக்கவேண்டும் என்பது அங்குள்ள நியதி. சிவராம் அந்த வரியை எழுதவில்லை. மாமாவிடம் போய் ‘என் பேர் இருக்கட்டும்’ என்பது அவரைச் சந்தேகிப்பதாகாதா? அவராகவே போடுவார் என்று விட்டுவிட்டான்.

மறுவாரம் மணவாளன் தொலைபேசியில் அழைத்தார். “மச்சான், மடிச்ச மேனிக்கே ஆன் பண்ணா என்னா ஆவும்னு அந்த கர்னல் ஆளு கேக்கறான்.”

“ஆரம்பத்துலயே சென்சார ஒரு தபா படிச்சிக்கிறோம் மாமா. தூங்கி எழுந்தாலும் திரும்பப் படிக்கும்.”

“அப்பிடியே எழுதிடறேன்.”

2010 மாசியில் திருத்தம் ஏறியது. எழுதியவர்: மணவாளன்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு அவர் நித்யஸ்ரீயோடு சிதம்பரம் வந்தபோது, தன் பெயர் ஏன் இல்லை என்று சிவராம் கேட்டான்.

“நீ பேரு போடல, அது எம்பேர எடுத்துக்கிச்சி. உள்ள ஏறினத இனி மாத்த மாட்டாங்க மச்சான்.”

“அப்ப நான்தான் எழுதினேன்னு பெங்களூருக்கு ஒரு லெட்டர் குடுங்க மாமா.”

மணவாளன் மனைவியைப் பார்த்தார். அவள்தான் பேசினாள். “இத வச்சித்தான்டா அவுங்களுக்கு புரமோஷனே வந்திருக்கு. ஊட்டு மாப்பிள்ளைய பொய்யர்னு எழுதித் தரச் சொல்றியா?”

கடிதம் இல்லாமலே சிவராம் பெங்களூரு போனான். “உங்கள் பெயர் எங்கே?” என்றார்கள். “எங்க மாமா பேர்ல இருக்கு” என்றான். எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

2011 மார்கழியில் மணவாளன் மீண்டும் அழைத்தார். புதிய மாடல் ஒன்றில் அந்தத் திருத்தம் படத்தைத் தலைகீழாக்குவதாகப் புகார் வந்திருந்தது. அலுவலகத்தில் அவரையே சரிசெய்யச் சொல்லியிருந்தார்கள்.

“ரெண்டு நாள்தான் டைம் குடுத்திருக்காங்க மச்சான்.”

“உங்க பேர்ல இருக்கறது மாமா. நான் கை வைக்கலாமா?”

சிவராம் தொலைபேசியை வைத்தான்.

தைப்பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்தோடு அவன் சென்னைக்குச் சீர் கொண்டுபோனான். நித்யஸ்ரீ வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டாள். ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று விசாரித்தாள்.