நாற்றக் குடாவில் யாரும் இல்லை

என்சியோ தீஹோனன் பொய் சொல்லாத மனிதர். பள்ளிக்கூட பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவர். ஒரு நாள் நாலு நிமிஷம் தாமதமானதற்கு, யாரும் கேட்காமலே மன்னிப்புக் கடிதம் எழுதிப் போட்டார். ஆனால் மீன் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் கூசாமல் புளுகுவார். இதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஏரிக்கரையில் அதற்குப் பொய் என்று பெயரில்லை, நாகரிகம் என்று பெயர். கேட்பவரும் தலையாட்டிக்கொள்வார்; சொன்ன இடத்தை விட்டுவிட்டு வேறு எங்காவது போவார்.

அறுபத்தேழு வயதில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. தூண்டில் சங்கத்தில் ஒரு தடித்த பதிவேடு உண்டு. பத்துக் கிலோவுக்கு மேல் ஹவ்கி பிடித்தவர் பெயர் அதில் ஏறும். ஹவ்கி என்றால் விராலுக்கு முதலை வாய் வைத்த மாதிரி ஒரு மீன். ஊரில் பாதிப் பேர் அந்தப் பதிவேட்டில் இருந்தார்கள். முதலிடத்தில், பதினொன்றரைக் கிலோவுடன், மனைவியின் அண்ணன் கௌனோ. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போனால் அந்த மீனின் பாடம் பண்ணிய தலைக்கு நேர் கீழேதான் என்சியோவுக்கு நாற்காலி போடுவார்.

"மாப்ள, நீங்க பிடிக்கிற மீனைப் பூனைக்குப் போட்டா, 'இது சாம்பிளா'ன்னு கேக்கும்" என்பார். வருஷா வருஷம் இதே வசனம். வருஷா வருஷம் எல்லாரும் சிரிப்பார்கள். என்சியோ மட்டும் தட்டில் உருளைக்கிழங்கை எண்ணிக்கொண்டிருப்பார்.

அந்த மே மாதம், ஏரியில் பனி உடைந்து எட்டாம் நாள், சனிக்கிழமை. வசந்தத்தின் ஆரம்பத்தில் ஹவ்கி ஆழத்தில் இருக்காது. வெயில் பட்டுச் சற்றே சூடேறும் ஆழமற்ற நாணல் குடாக்களில் வந்து கிடக்கும். முட்டையிட்ட களைப்பு வேறு. துரத்தி வேட்டையாட அதற்குத் தெம்பிருக்காது. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல, வாய்க்கு நேரே கொண்டுபோய் நீட்டினால்தான் தின்னும். அதனால் விடியற்காலையில் போய்ப் பிரயோசனமில்லை, நடுப்பகலில் போக வேண்டும். மரத்தில் செதுக்கிய பெரிய பொய்மீனைப் போட்டு, ஒரு முழம் இழுத்து, நிறுத்தி, பொறுமை செத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும்.

"சர்ச் முனைக்குப் போறேன்" என்றார் மனைவியிடம்.

"போயிட்டு வாங்க. எனக்கு நெசவு வகுப்பு" என்றாள் சைமி, கந்தல்துணியில் நெய்த விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி.

பெரிய மீனைத் தண்ணீரிலிருந்து அள்ளித் தூக்கும் கைவலையை வீட்டு வாசல் சுவரில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டிவிட்டுத்தான் கிளம்பினார். வலை வீட்டில் இருந்தால் ஆள் சின்ன மீனுக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பின்னாலேயே எவனும் வரமாட்டான். மோட்டாரைச் சத்தமாக ஓட்டிச் சர்ச் முனையைத் தாண்டி, அணைத்து, தீவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் துடுப்புப் போட்டு நாற்றக் குடாவுக்குள் நுழைந்தார். அங்கே யாருமே போவதில்லை என்று ஊரே சொல்லும். ஊரே சொல்கிறதே, ஏன் என்று அவர் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

படகை நாணலுக்குள் செருகிக் குனிந்து உட்கார்ந்தார். இடப்பக்க நாணல் தும்மியது. என்சியோ காதில் வாங்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து காப்பி வாசனை வந்தது. அதையும் அவர் மூக்கு வாங்கவில்லை. ஒளிந்திருப்பவரைக் கண்டுகொள்வதைவிட அநாகரிகம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

ஒரு மணி சுமாருக்குத் தூண்டில் வளைந்தது. வளைந்தது நிமிரவேயில்லை. கால் மணி நேரம் போராடிய பிறகு படகோரம் ஒரு தலை எழுந்தது. கௌனோ வீட்டுச் சுவரில் இருந்த தலை அதற்குத் தம்பி மாதிரி இருக்கும். என்சியோ தூண்டிலை இடக்கைக்கு மாற்றினார். கை வலையைத் தேடியது. வலை வாசல் சுவரில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

விரல்கள் மரத்துவிட்டன, கையால் தூக்க முடியாது. கூப்பிட்டால் இடம் அம்பலம். கூப்பிடாவிட்டால் மீன் போச்சு.

"இங்க யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார் நாணலைப் பார்த்து. "ஆனா இல்லாதவங்கள்ல யார்கிட்டயாவது வலை இருக்கா?"

"இல்ல" என்றது இடப்பக்க நாணல். கௌனோவின் குரல்.

"வலை இல்லையா, ஆளே இல்லையா?"

"ரெண்டும்தான். வலையை வீட்டுச் சுவத்துல மாட்டிட்டேன் மாப்ள."

"நானுந்தான்" என்றது வலப்பக்க நாணல். அது இர்யா. ஓய்வுபெற்ற மருந்தாளர், சங்கத் தலைவி.

"ஏங்க, இந்த விரிப்பு ஆகுமா?" என்றது பின்பக்க நாணல்.

தொடை வரை ரப்பர் பூட்ஸுடன், கையில் தூண்டிலும் கக்கத்தில் விரிப்புமாக சைமி வெளியே வந்தாள். ஆறு வருஷமாக நெசவு வகுப்பு நடந்த லட்சணம் இதுதான். திட்டவோ ஆச்சரியப்படவோ நேரமில்லை. நாலு மூலைக்கு நாலு பேர். தூண்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்சியோவும் பனித்தண்ணீரில் குதித்தார். சத்தமில்லாமல் விரிப்பை மீனுக்கு அடியில் கொண்டுபோய்த் தூக்கினார்கள். இர்யாவின் தராசு பன்னிரண்டு கிலோ நூறு கிராம் காட்டியது. சைமி வாயைப் பொத்திக்கொண்டு, கன்னமெல்லாம் சேறாகக் குதித்தாள். பிறகு நாலு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நாலு திசையில் கலைந்தார்கள்.

மாலை சங்கக் கூடத்தில் நாற்பது பேர். மேசைமேல் மீன். இர்யா பதிவேட்டைத் திறந்தார். "விதிப்படி பிடிச்ச இடம் வேணும். பாத்த சாட்சி ரெண்டு பேர் வேணும்."

கூடமே முன்னால் குனிந்தது. இடத்தைச் சொன்னால் நாளைக் காலை நாற்றக் குடாவில் நாற்பது படகு நிற்கும். கௌனோ கூரையைப் பார்த்தார். அவர் நாற்காலிக்கடியில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இர்யா பேனாவைப் பார்த்தார்.

அப்போது சைமி எழப்போனாள். 'நான் பார்த்தேன்' என்று சொல்லத்தான். என்சியோவுக்கு அவள் சேற்றுக் கன்னத்தோடு குதித்தது ஞாபகம் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை வீட்டுக்குள் அவர் பார்த்ததே இல்லை. ஒரு பெயருக்காக அந்த நாணலை அவளிடமிருந்து பிடுங்குவதா? சட்டைக் கையைப் பிடித்து அவளை உட்காரவைத்துவிட்டு எழுந்தார்.

"பிடிக்கல. சந்தையில வாங்கினேன்" என்றார்.

ஒரு தூண்டில்காரன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. கூடம் வெடித்துச் சிரித்தது. இர்யா ஒன்றும் எழுதாமல் பதிவேட்டை மூடினார்.

"நல்லாப் பாத்து வாங்கியிருக்கீங்க மாப்ள" என்றார் கௌனோ. பூனை வசனம் வரவில்லை. 

என்சியோவுக்கு நெஞ்சு வலித்தது. வலிக்காமல் என்ன செய்யும், அறுபத்தேழு வருஷத்து மீன். சைமி மேசைக்கடியில் அவர் கையைப் பிடித்தாள். காதருகே குனிந்தாள்.

"ஏங்க, பொய்மீனை இழுத்துட்டு எவ்வளவு நேரம் நிறுத்துனீங்க?"

"நாப்பத்தஞ்சு எண்ணுற வரைக்கும்" என்றார். சத்தியமான வார்த்தை.

சைமி நாகரிகமாகத் தலையாட்டிக்கொண்டாள். ஒரு சொல்கூட நம்பவில்லை.