இசையமைப்பாளருக்கு நான் சொன்ன ஆயுள்

எனக்குச் சாத்திரம் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. இரண்டாவதுதான் பிழையாகப் போயிற்று.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நானும் மனைவியும் இருந்தோம். மேலே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். எழுபத்தொரு வயது இத்தாலியர், இசையமைப்பாளர். நேப்பிள்ஸில் படித்தவர். இருபத்தெட்டு வயதில் அவர் எழுதிய ஒபெரா, முழுக்கப் பாட்டிலேயே நடக்கும் நாடகம், மூன்று நாள் மேடையேறியது. நான்காம் நாள் கொட்டகைக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். கப்பலேறி ரொறன்ரோ வந்து, நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தார். ஊரே முணுமுணுத்த அவருடைய ஒரே மெட்டு, வானொலியில் தக்காளிச் சோஸ் விளம்பரத்துக்குப் போட்டது. அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். இப்போது இரண்டாவது ஒபெரா எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் அங்கம் மட்டும் பாக்கி. பிற்பகல் முழுக்கப் பியானோவில் அதே நாலைந்து வரிகள் எங்கள் கூரை வழியாக இறங்கும். என் மனைவி அந்தத் தாளத்துக்கு வெங்காயம் வெட்டப் பழகியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, மைத்துனிக்கு வந்த சம்பந்தத்துக்குப் பொருத்தம் பார்க்க, வோஷிங் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் இரண்டு சாதகங்களை விரித்து வைத்திருந்தேன். சாத்திரப் புத்தகம் ஒன்றைப் பாதிவரை வாசித்தவன் நான். ரெக்ஸ்டேலில் அன்றைக்கு அது நிபுணத்துவம். அவர் அழுக்குத் துணிக் கூடையோடு படியில் மூன்று தரம் நின்று நின்று இறங்கி வந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நாங்கள் பேசியது ஆங்கிலம். இரண்டு பேருடையதும் சம அளவில் உடைந்தது. எங்கள் ஊர்த் தமிழில் ஒட்டித் தருகிறேன்.

"ஆர் எழுதின சங்கீதம் உது?"

"சங்கீதமில்லை, சாதகம். பிறந்த நேரத்திலை கிரகங்கள் நிண்ட இடம்."

"அப்ப என்ரையும் போடுங்கோ. கோயில்லை மத்தியான மணி அடிக்கேக்கை பிறந்தனானெண்டு அம்மா சொன்னவ."

அவர் பிறந்த வருடத்துப் பஞ்சாங்கம் என்னிடம் இல்லை. சனியைக் கைவிரலில் எண்ணிப் பின்னோக்கி நடத்தினேன். மற்றக் கிரகங்களை அனுமானத்தில் குடியேற்றினேன். ஆயுளைச் சொல்லும் எட்டாம் கட்டத்தில் சனியும் செவ்வாயும் தோளோடு தோள் நின்றார்கள். என் பாதிப் புத்தகத்தின்படி அடுத்த கோடையே சந்தேகம்.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆயுள் குறைவாகத் தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பத்துப் பதினைந்து வருடம் கூட்டிச் சொல்வோம். கேட்பவரும் எங்கள் ஆளென்றால் அதை மனதுக்குள் கழித்துக்கொள்வார். நான் தாளைப் பார்த்தேன். வோஷிங் மெஷினைப் பார்த்தேன்.

"எண்பத்தாறு," என்றேன்.

"சரி," என்றார். துணியைப் போடாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து பியானோ மாறிவிட்டது. வாசித்ததைத் திரும்ப வாசிப்பதே இல்லை. ஒரே ஓட்டமாக முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டீரே?" என்று மனைவியிடம் பெருமைப்பட்டேன். "என்ர வாக்கு மனுசனுக்கு உசார் குடுத்திருக்கு."

அவள் கத்தியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "உது உசாரில்லை. ஆரோ பின்னாலை கலைச்சுக்கொண்டு ஓடிவாறமாதிரியெல்லோ கிடக்கு."

ஜனவரியில் அவருடைய மகள் வந்தாள். வங்கியில் வேலை செய்பவள். பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றாமல் எங்கள் வாசலிலேயே நின்றாள்.

"அப்பாவுக்கு என்ன சொன்னனீங்கள்? இருதய வால்வு மாத்த டொக்டர் திகதி குடுத்திருந்தவர். மாத்தாட்டி இந்த வருசம் தாண்டாதெண்டும் சொன்னவர். அப்பா வேண்டாமெண்டிட்டார். ஏனெண்டு கேட்டால், கீழை இருக்கிறவரைக் கேள் எண்டுறார்."

எண்பத்தாறை நம்பி உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன். பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏன் நிண்டுகொண்டு முழிக்கிறியள்? போய், எனக்குச் சாத்திரம் ஒரு மண்ணும் தெரியாதெண்டு சொல்லுங்கோ. கெட்டிக்காரன் மாதிரித் திரிஞ்சது காணும்."

மேலே போனேன். அவர் பியானோவுக்கு முன்னால் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு இருந்தார்.

"எண்பத்தாறு பொய்," என்றேன். "சும்மா சொன்னது. ஒப்பரேஷனுக்குப் போங்கோ."

"பொய்யெண்டு அண்டைக்கே தெரியும். வீட்டிலை வாசிச்சுப் பாக்காமல் வாற பிள்ளை முதல் தாளைப் பாக்கும், பிறகு சுவரைப் பாக்கும். நாப்பது வருசமாய்ப் பாத்தனான். நீங்கள் மெஷினைப் பாத்தனீங்கள்."

"மெஷினிலை தண்ணி ஒழுகினது..."

"உது ரெண்டாவது பொய்." அவர் சிரித்தார். சிரிப்பு முடிய மூச்சு வாங்க நேரமெடுத்தது. "ஒப்பரேஷனெண்டால் ஆறு மாசம் பியானோவிலை இருக்கேலாது. உங்கட முகத்திலை அண்டைக்கு எனக்கு ஆறு மாசம் இருக்கேல்லை."

என் முகத்தில் இருந்தது பாதிப் புத்தகமும் விரல் கணக்கும்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அந்தச் சனியை எந்தக் கட்டத்திலும் வைத்திருக்கலாம் என்றேன். பாடம் படிக்காத பிள்ளையின் சாட்டுகளைக் கேட்பதுபோல் பொறுமையாகத் தலையாட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக நான் முழு உண்மை பேசிக்கொண்டிருந்தேன். அதை நம்பும்படி பேசும் பழக்கம் எனக்கில்லை.

ஆஸ்பத்திரி நம்பர் எழுதி மகள் தந்த துண்டைப் பியானோவின் மேல் வைத்தேன். அவர் அதன்மேல் தன் பென்சிலை வைத்தார்.

"வந்தது வந்திட்டியள். பக்கம் திருப்புங்கோ."

உட்கார்ந்தேன். அவர் முகத்தைத் தூக்கி நாடியால் காட்டும்போதெல்லாம் திருப்பினேன். சில இடங்களில் பியானோவை விட அவருடைய மூச்சுத்தான் உரத்துக் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் எழுத்து நின்றுவிட்டது. பென்சிலை எடுத்தார், நம்பர்த் துண்டு பறந்து கீழே விழுந்தது. குனிந்தேன்.

"விடுங்கோ," என்றார்.

இன்னும் திருப்ப வேண்டிய பக்கமாக, சுரம் எழுதாமல் வெறும் கோடு மட்டும் போட்ட தாள்கள் ஒரு விரல் தடிப்புக்கு இருந்தன.