பக்கத்து சீட்டுக்காரி

அந்தத் தெருவில் அவளை டெலிபோனக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தொன்பது வருஷம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். எந்த டாக்டர் எந்த மாடியில் இருக்கிறார், எந்த வார்டில் என்ன அவசரம் என்று பதறாமல் நிறுத்திச் சொல்வதுதான் அவள் வேலை. வீடு தீப்பிடித்தாலும் இவள் "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்பாள் என்று அவள் புருஷன் கிண்டல் செய்வார். அவர் பம்ப் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் ஃபோர்மேன்தான்.

அவர்களிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் இருந்தது. ஒரு கான்ட்ராக்டரிடம் பழையதாக வாங்கி முப்பத்தொரு வருஷம். என்ன பெரிய கார் அது? ஏசி கிடையாது, கண்ணாடியைக் கையால்தான் சுற்றி ஏற்ற வேண்டும், நிறுத்த இடம் தேடினால் ரெண்டு காருக்கான இடம் வேண்டும். ஆனால் முழங்கால் போனவர்கள் குனியாமல் ஏறலாம். பின்னால் நாலு பேர், முன்னால் மூன்று பேர், மடியில் ஏறுகிற பிள்ளைகள் கணக்கில் சேர்த்தி இல்லை. தெருவில் மூன்று குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில்தான். அதைப் பார்க்கிற எவனும் சும்மா போகமாட்டான், பானெட்டில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவான். புதுக் காரை அப்படித் தட்டிப் பாருங்கள், சொந்தக்காரன் சண்டைக்கு வருவான்.

டெலிபோனக்காவுக்கு அந்தக் காரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. முன் சீட்டு ஒரே பெஞ்சு. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஹேண்ட்பிரேக்கும் ஸ்டியரிங்குக்குக் கீழே. ரெண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. நாலு பிள்ளை பெற்று, மாமனார் மாமியாரைப் பார்த்து, ஷிப்டு மாற்றி ஷிப்டு ஓடின அந்த ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது என்றால் அந்த சீட்டில்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற விஷயமா அது?

ஃபோர்மேனுக்குக் கண்ணில் கோளாறு வந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால். பார்வைக்கு நடுவில் சாம்பல் பூசின மாதிரி இருக்கும், ஓரங்கள் மட்டும் தெரியும். டாக்டர் அப்போதே வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மனுஷர் கேட்டால்தானே! ஓரம் தெரிகிறதே, போதும் என்றார். பிள்ளைகளிடம் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்காத குறை. அவளும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "இடது பக்கம் சைக்கிள். எதிர்ல லாரி. சிக்னல் சிவப்பு, பிரேக் போடுங்க." கடைக்கு, பாங்குக்கு, மூத்தவள் வீட்டுக்கு என்று ரெண்டு வருஷம் இவள் வாயும் அவர் கையுமாகத்தான் அந்த வண்டி ஓடியது. அது தப்பு என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தே செய்தார்கள்.

ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் வந்து ஏற வாசலில் நிறுத்திவைக்கலாம் என்று அவர் வண்டியை வெளியே எடுக்கப் பார்த்து கேட் தூணில் இடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தூண்தான் போச்சு. அப்போதுதான் கண் விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது, அதுவும் போன வாரம்தான் ஆரம்பித்தது என்று சொல்லிவைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற சின்னவன் ஃபோனிலேயே எண்ணெயில் போட்ட கடுகாகப் பொரிந்தான். பழைய கார்களைக் கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிற ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அடுத்த மாசம் வந்ததும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றான். ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதற்கு என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான்.

"நான் ஓட்டுறேன்" என்றாள் டெலிபோனக்கா. அவளுக்கு வயது அறுபத்தொன்று.

சின்னவன் சிரித்தான். சரி, நான் வருவதற்குள் லைசென்ஸ் வாங்கிக் காட்டு, வண்டியைத் தொடமாட்டேன் என்றான். அவ்வளவுதான், அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. மறுநாளே எல்.எல்.ஆருக்கு எழுதிக் கொடுத்தாள். தொழிற்சாலையின் பழைய லாரி நிற்கும் மைதானத்தில் காலையில் ஃபோர்மேன் கற்றுக்கொடுத்தார். அவருக்குப் பார்க்க வேண்டியதே இல்லை, எஞ்சின் சத்தத்தை வைத்தே ரெண்டிலிருந்து மூன்றுக்கு மாற்று, கிளட்சை முழுசாக விடு என்று சொல்லிவிடுவார். பத்தே நாளில் அவள் கைக்கு அந்த கியர் வந்துவிட்டது.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்று ஒரு பையன், முப்பது வயது இருக்கும். இந்தப் பாட்டன் வண்டியைக் கொண்டுபோனால் இன்ஸ்பெக்டர் ஏறவே மாட்டார் அக்கா, நம்ம ஸ்கூல் காரிலேயே டெஸ்ட் கொடுங்கள் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். கியர் கீழே தரையில் இருக்கிற அந்தச் சின்னக் காரிலும் ஒரு வாரம் ஓட்டிப் பழகினாள். டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து "எடுங்க" என்றதும் அவளுக்கு உள்ளே உதறல். முதல் கியரில் கிளம்பிவிட்டாள், ரெண்டாவதுக்கு மாற்ற வேண்டும். இடது கை பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கம் போனது. அங்கே நீட்டிக்கொண்டிருந்ததைப் பிடித்து இழுத்தாள். வைப்பர் ரெண்டும் எழுந்து ஆட, கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் பீச்சியடித்தது. வெயில் கொளுத்துகிற பத்து மணிக்கு! வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். வண்டி நாற்பதடி கூடப் போகவில்லை. இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் ஃபெயில் என்று எழுதினார்.

சின்னவன் வர ஒன்பது நாள் இருக்கும்போது அடுத்த டெஸ்ட். இந்தத் தடவை எவன் சொன்னாலும் கேட்கிறதாக இல்லை, அம்பாசடரையே எடுத்துக்கொண்டு போனாள். கூட வந்த மாஸ்டருக்கு அந்த கியரைப் போடவே தெரியாது. ஏதாவது ஆனால் நான் என்ன பண்ணுவேன் அக்கா என்று வழி முழுக்க கதவைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

அதே இன்ஸ்பெக்டர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவரும் பானெட்டில் ரெண்டு தட்டுத் தட்டினார். மாஸ்டரைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு முன்னால் ஏறி, ரோட்டுக்கு விடச் சொன்னார்.

வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. கை தானாக கியரை மாற்றியது, கால் தானாக கிளட்சை மிதித்தது. உதறல் போய், அவள் முதுகைச் சாய்த்துக்கூட உட்கார்ந்தாள். அங்கேதான் வினை. அந்த சீட்டில், மூத்தவள் வீட்டுக்குப் போகிற அதே ரோட்டில், ரெண்டு வருஷமாகச் சொன்ன வாய் சும்மா இருக்குமா? "இடது பக்கம் சைக்கிள். பஸ் வெளிய எடுக்குறான், விட்டுடுங்க. முன்னால ஸ்கூல் பசங்க கடக்குறாங்க, பிரேக் போடுங்க." சொல்லிக்கொண்டே பிரேக்கைப் போட்டு நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "யாருக்குச் சொல்றீங்க?"

மாஸ்டர் கெட்டிக்காரன். பின்னாலிருந்து முந்திக்கொண்டு, அக்கா ஆஸ்பத்திரி போர்டில் இருந்தவங்க சார், பேசிப் பேசியே பழக்கம் என்றான். இன்ஸ்பெக்டரும் தலையை ஆட்டிவிட்டு பேனாவை எடுத்தார். அவள் பேசாமல் இருந்தால் முடிந்துவிடும் காரியம். ஆனால் பிள்ளைகள் இன்னும் கடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் ஷூ கயிறு அவிழ்ந்து வண்டிக்கு நேர் முன்னால் குனிந்தாள். இதே இடத்தில் எத்தனை தடவை நின்றிருக்கிறோம், ஒரே ஒரு தடவை நான் தும்மியிருந்தால், ஒரே ஒரு தடவை வேறு பக்கம் பார்த்திருந்தால் என்று டெலிபோனக்கா நினைத்துப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு சார்" என்றாள். "அவருக்கு ரெண்டு வருஷமா கண்ணு தெரியல. நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார்."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் எடுத்த பேனாவைத் திரும்பப் பையில் செருகினார். வண்டியைத் திருப்பச் சொன்னார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு சரியாகச் செய்தாள். ஆபீஸ் வாசலில் இறங்கினதும் பாஸ் என்று எழுதினார். அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் லைசென்ஸ் அஞ்சு மணிக்குள் என் மேஜைக்கு வர வேண்டும், வரவில்லை என்றால் நானே உங்கள் வீட்டுக்கு வருவேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. வண்டி சத்தத்திலேயே ஃபோர்மேனுக்கு அவள் பாஸ் என்று தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"காட்டிக் குடுத்துட்ட" என்றார்.

"ஆமா."

கோபப்படுவார் என்று நின்றாள். அவர் எழுந்துபோய் அலமாரியைத் தடவி, பிளாஸ்டிக் உறையோடு லைசென்ஸை எடுத்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். நாற்பது வருஷம் சட்டைப் பையில் இருந்த சாமான். கொடுத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றார்.

"ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம்தான்" என்றார். "உன்னைக் கொன்னுடுவேனோன்னு."

"எனக்கும்தான் பயம்."

"அப்புறம் எதுக்கு ஏறி உக்காந்த?"

"நான் ஏறலைன்னா நீங்க தனியாப் போயிருப்பீங்க."

ஃபோர்மேன் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். அவளை ஓரத்துப் பார்வையில் பிடிக்க அப்படித்தான் தலையைச் சாய்க்க வேண்டும்.

"நீ ஏறாம இருந்திருந்தா" என்றார், "நான் வண்டியையே எடுத்திருக்க மாட்டேன்."

டெலிபோனக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நாலேகால் வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் சாவியை எடுத்தாள்.