பிரிண்டருக்கு மட்டும் பார்க்காத ஜாதகம்

என்னைப் போல இன்னொரு அடிமுட்டாள் அப்போது ஓசூரில் இருந்திருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து சங்கம் வைத்திருப்போம். தலைவர் நான்தான், அதில் போட்டியே இருந்திருக்காது. வீட்டுக் கம்ப்யூட்டரை, அதில் வேலை செய்யப்போகிற பெண்டாட்டிக்குப் பொருத்தம் பார்க்காமல், லினக்ஸுக்குப் பொருத்தம் பார்த்து வாங்கினவன் நான்.

இரண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில் ஓசூரைச் சுற்றி நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் ஒரு பத்திர எழுத்தர். என் மனைவி தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் என்று கேள்விப்பட்டு, "வீட்லயே அடிச்சு பிரிண்ட் எடுத்துக் குடும்மா. திங்கக்கிழமை ஒரு பத்திரம் தர்றேன், வெள்ளிக்கிழமை பதிவு. சரியா வந்தா மாசம் பூரா வேலை" என்றிருந்தார். அவள் அப்போது ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட். எட்டு மணி நேரமும் அசெம்பிளி லைனில் நின்றபடி வேலை. சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது. இந்த ஒரு பத்திரம் ஒழுங்காகப் போனால் அந்த லைனை விட்டுவிடலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நானோ, கம்பெனிக்கு வருகிற சரக்கை அளந்து பார்த்து "ஓகே", "ரிஜெக்ட்" என்று சீட்டு ஒட்டுகிறவன். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் பார்த்ததிலிருந்து கிறுக்கு. பக்கத்து வீட்டு அண்ணன், விண்டோஸ் சிடி காப்பி போட்டுத் தருகிறேன் என்றார். "திருட்டு சிடி என் வீட்டுக்குள்ள வராதுங்க" என்றேன். திருட்டு விசிடியில் படம் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

எந்தெந்தச் சிப் லினக்ஸில் ஓடும் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பட்டியல் எடுத்தேன். கம்பெனி பாணியில் செக் ஷீட் போட்டேன். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போய், மதர்போர்டைத் திருப்பித் திருப்பி எண்களைப் படித்தேன். டிஸ்ப்ளே கார்டு, சவுண்ட் கார்டு, மோடம், எல்லாவற்றுக்கும் டிக். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏன் ஸ்வாமி, கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? மாப்பிள்ளை வீட்டுக்காரன்கூட இவ்ளோ ஜாதகம் கேக்க மாட்டான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையிலேயே ஷீட்டைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள வாகாக இருந்த ஒரு சின்ன பிரிண்டரைக் காட்டி, "அதையும் சேத்துக் கட்டுங்க" என்றேன். ஷீட்டில் பிரிண்டர் என்று ஒரு வரியே இல்லை.

திங்கட்கிழமை பத்திரம் வந்தது. அவள் காலை ஷிஃப்டு முடிந்து வந்து, ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு, ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தாள். நிலத்தின் நான்கு எல்லைகளும் திரையில் பளிச்சென்று நின்றன. பிரிண்ட் கொடுத்தோம். பிரிண்டர் ஒரு தடவை முனகியது; அப்புறம் மௌன விரதம். சானமாவு காட்டில் யானை ரோட்டை மறித்தால்கூட எப்படியும் நகர்ந்துவிடும். இது நாள் கணக்கில் நின்றது. ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த விண்டோஸில் எங்கள் தமிழ் எழுத்துரு இல்லாததால் பத்திரம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"அந்த அண்ணன்கிட்ட சிடி வாங்கிப் போட்டுடலாங்க. பத்திரம் போனதும் உங்க லினக்ஸையே திரும்பப் போட்டுக்குங்க" என்றாள்.

"இன்னும் ஒரே நாள் குடு."

அந்த சிடியைப் போட்டிருந்தால் ஒரே ராத்திரியில் காகிதம் வெளியே வந்திருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நாள் கேட்டேன். பிரிண்டரிடம் தோற்றால் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்கக் கூடாது. நான் அந்த ரகம்.

வியாழக்கிழமை எழுத்தர் ஆள் அனுப்பித் தன் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேறொரு பெண் அடித்துக் கொடுத்தாளாம். மாசம் பூரா வேலையும் அந்தப் பெண்ணுக்கே போயிற்று.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், இந்த பிரிண்டரை லினக்ஸில் ஓட்டுவதற்கென்று முகம் தெரியாத யாரோ எழுதி வைத்திருந்த டிரைவர் புரோகிராமைப் போட்டதும் பிரிண்டர் தடதடவென்று ஓடியது. சோதனைப் பக்கத்தை மை காய்வதற்குள் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவளுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்டு. அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வீங்கின காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? ஓடுது! கலர்லயே வருது!"

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"கம்பெனி பஸ் வந்துருச்சு."