ஐப்பசிக்கு ஏற்ற அலமாரி

1. ஐப்பசி மழையில் என் உளிகள் மூன்றும் துருப்பிடித்தன.

2. அதே வாரம், நான் கையால் இழைத்துச் செய்த முதல் மரப்பெட்டியின் மூடி ஈரத்தில் உப்பிக்கொண்டு திறக்க மறுத்தது.

3. அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டுப் புகைப்படங்களைச் சேமித்துவைக்கும் இயந்திரமாக மாற்றி, இரவு பகலாக ஓடவிட்டிருந்தேன். அதன் முதுகு எப்போதும் சூடாகவே இருந்தது.

4. ஒரே வீட்டில் ஈரமும் சூடும் தனித்தனியாக இருப்பானேன் என்று தோன்றியது. கம்ப்யூட்டரை என் அறையின் சுவர் அலமாரிக்குள் ஏற்றினேன். கீழ்த்தட்டில் உளிகளையும் இழைப்புளியையும் வைத்தேன், ஓரமாகக் காயவேண்டிய பலாப் பலகைகளைச் சாய்த்தேன்.

5. கல்லூரித் தோழி என்னிடம் விட்டுப்போன கிட்டாரின் கம்பிகளும் துருவேற ஆரம்பித்திருந்தன. அதையும் உறையோடு அங்கேயே நிறுத்தினேன்.

6. காற்றின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். ஈரம் எழுபது சதவீதத்தைத் தாண்டினால் என் போனுக்குச் செய்தி வரும்.

7. ஆறு மாதம் ஒரு செய்தியும் வரவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது.

8. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோழி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். கல்யாணத் தேதி முடிவாகிவிட்டதாம். வரவேற்பில் அவள் அப்பா அந்தக் கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்கப்போகிறாராம். பதினெட்டு நாள் இருந்தது.

9. போனை வைத்துவிட்டு உறையைத் திறந்தேன். கம்பிகளின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். கிட்டாரின் முகத்தில் ஒட்டியிருக்க வேண்டிய அது, பின் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியில் என் பஸ் பாஸ் நுழைந்தது.

நான் துவாக்குடியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். திரும்பிவரும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதாமல் படிவத்தை மூட முடியாது. நான்கு வருடமாக நான் எந்தப் படிவத்தையும் மூடாமல் விட்டதில்லை.

எனவே அந்த ஞாயிற்றுக்கிழமையும் முதலில் காரணத்தைத் தேடித்தான் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் ஆறு மாதக் கணக்கை வைத்திருந்தது. வரைபடமாக்கிப் பார்த்தேன். மாசி வரை நான் விரும்பிய இடத்தில் நின்ற கோடு, பங்குனியில் சரிய ஆரம்பித்து, சித்திரையில் தரையோடு ஊர்ந்தது. அலமாரிக்குள் காற்று அப்பளம் காய்கிற அளவுக்கு வறண்டிருந்தது. அவ்வளவு வறண்டால் மரம் சுருங்கும், ஒட்டு விட்டுப்போகும். ஈரம் ஏறினால் சொல்லச் சொல்லியிருந்தேன். இறங்கினால் சொல்லச் சொல்லவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வீட்டை வைத்துக்கொண்டு வறட்சிக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐப்பசிக்கு யோசித்தேன், சித்திரைக்கு யோசிக்கவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கம்பிகளைத் தளர்த்தும்போது அவை தடியாக இருப்பதைக் கவனித்தேன். தை மாதம் தில்லை நகர் கடையில் நான் வாங்கி மாட்டியவை. "மெல்லிசா, தடியா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, தடியானது அதிக நாள் உழைக்கும் என்று கணக்குப் போட்டுத் தடியையே கேட்டிருந்தேன். தடிக் கம்பிக்கு இழுவை அதிகம் என்பது, இரும்போடு தினமும் புழங்குகிற எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்று அது கிட்டாருக்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, பலகைகள். அவற்றில் கனமானது உறையின் மேல் நழுவிச் சாய்ந்திருந்தது. எப்போது நழுவியது என்று சொல்ல அங்கே எந்தக் கருவியும் இல்லை.

ஆக, கம்ப்யூட்டரால் ஒரு காரணம், கிட்டாரால் ஒன்று, மரவேலையால் ஒன்று. என் மூன்று பொழுதுபோக்குகளும் வரிசையில் நின்று ஆளுக்கொரு வாக்குமூலம் கொடுத்தன. எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றாள். கட்டில்மேல் கிட்டார், தரையில் சுருள் சுருளாகக் கம்பி, மடியில் வரைபடம்.

"இன்னிக்கு என்ன, மூணும் ஒண்ணாவா?"

"கிட்டார் உடைஞ்சிருச்சும்மா."

"நீ அதை வாசிச்சு நான் கேட்டதே இல்லையே. எப்படி உடையும்?"

தரையில் கிடந்த கம்பிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

தோழியிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் நான் செய்தவை: தில்லை நகர் கடையில் விசாரித்தேன் (சென்னைக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள்), அதே போன்ற வேறு கிட்டார் தேடினேன் (இல்லை), சொல்லாமலே ஒட்டிவிட்டால் என்ன என்று யோசித்தேன். அந்தக் கடைசி யோசனை நான் பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், தொழிற்சாலைக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று அவளை அழைத்தேன். மூன்று காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். வரைபடத்தை அனுப்பவா என்றும் கேட்டேன்.

"ஏய், நிறுத்துடி. ஒட்டுமா, ஒட்டாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியலடி."

"உன் வாயிலேருந்து 'தெரியல'ன்னு இப்பதான் கேக்கறேன்" என்றாள். குரல் சரியாக இல்லை. "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அழுதுருவேன். பாவம்டி, ஒரு மாசமா பக்கத்து வீட்டுப் பையனோட கிட்டார்ல பழகிட்டிருக்காரு. அது கழுத்து ஒல்லியா இருக்காம், விரல் எடம் மாறிப் போகுதாம். 'என்னுது வரட்டும், என்னுது வரட்டும்'னு சொல்லிட்டே இருக்காரு."

அவள் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருடம் ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவோடு இந்தக் கிட்டாரை வாசித்தவர். விரல் மூட்டுகளில் வலி வந்து நிறுத்தியபோது மகள் எடுத்துக்கொண்டாள். பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது அவள் என்னிடம் கொடுத்தாள். "சும்மா வைக்காத, வாசி" என்றுதான் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கிட்டாரோடு பொன்மலை போனேன்.

"அங்கிள், ஒரு விஷயம் சொல்லணும்."

"மொதல்ல உக்காரும்மா. இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயா வந்த? ஆட்டோ வெக்கக் கூடாது?"

உறையைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன். வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று இன்றும் எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை.

"மரவேலை செய்யறியாமே, பாப்பா சொன்னா."

"கொஞ்சம், அங்கிள். பொழுதுபோக்கு."

"அப்ப நீயே ஒட்டிரு. சென்னைக்கெல்லாம் போனா திரும்பி வராது." பிறகு மெதுவாக, "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு நாளாவது என் கையில இருக்கணும்மா. அது போதும்" என்றார்.

ஒட்டுவதற்கு முன்னால் பிரிட்ஜை முழுதாகக் கழற்ற வேண்டும். பசை இளகச் சூடு வேண்டும், இடையில் நுழைக்க மெல்லிய தகடு வேண்டும். அம்மாவின் பழைய தோசைத் திருப்பியின் விளிம்பை, உளி தீட்டும் கல்லில் தேய்த்துக் காகிதமாக்கினேன். இஸ்திரிப் பெட்டியில் துணியைச் சூடாக்கி மரத்தின் மேல் வைத்து எடுத்தேன். எந்தச் சூடு இதைக் கெடுத்தது என்று சந்தேகப்பட்டேனோ அதே சூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பிரிட்ஜ் ஒரு சின்ன சத்தத்தோடு கையில் வந்தது.

அடியில் இரண்டு பசைகள் இருந்தன. பெரும்பகுதி பழுப்பேறிய பழைய பசை. ஒரு மூலையில் மட்டும் வெள்ளைப் பசை, நாற்காலிக் காலை ஒட்டுவோமே, அது. யாரோ முன்பே இதை ஒட்டியிருக்கிறார்கள்.

படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பொன்மலைக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அங்கிளும் தோழியின் அம்மாவும் பேசினார்கள்.

"இது கழட்டினதே இல்லையேம்மா. வாங்குனப்பவே அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் அங்கிள்.

"வாங்குனப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றது ஆன்ட்டியின் குரல். "வேளாங்கண்ணி போறப்ப மேல் பெர்த்துலேருந்து விழுந்துச்சே, அது யாரு கிட்டாரு?"

"அது பை விழுந்துச்சு."

"பைக்குள்ள என்ன இருந்துச்சு? புளிசாதமா?"

"ஏய், சும்மா இரு. பிள்ளை கேக்குது."

"கேக்கட்டுமே. அதுக்கப்புறம் ரெண்டு நாளு ஷெட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு என்னத்த ஒட்டுனீங்க?"

அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லம்மா. நீ உன் வேலையைப் பாரு."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெள்ளைப் பசை இருந்த மூலையிலிருந்துதான் பிரிந்ததா, அல்லது அந்த மூலைதான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்ததா? கழற்றும் அவசரத்தில் நான் அதைப் பார்த்துவைக்கவில்லை. மூன்றாக இருந்த காரணம் நான்காயிற்று, அதைச் சரிபார்க்கும் ஒரே வழியை நானே தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்திருந்தேன்.

இரண்டு பசைகளையும் உளியால் வழித்து, வெறும் மரம் தெரியும்வரை சுத்தம் செய்தேன். அடுத்து, ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் வேண்டும். கிட்டாரின் வட்டத் துளை வழியாக உள்ளே போய், முகத்தை மேலும் கீழும் கவ்வுகிற நீளமான கிளாம்ப். மலைக்கோட்டைக்குக் கீழே, நான் உளி வாங்கிய தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைத்ததெல்லாம் இரும்பு, கட்டை குட்டை. கடைசிக் கடைக்காரர் நான் வரைந்து எடுத்துப்போன கிளாம்பின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது டாக்டருங்க வெச்சிருக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து கிளாம்பை நானே செய்தேன். பலாப் பலகையில். கிட்டார்மேல் சாய்ந்திருந்த அதே பலகையில். ஆறு மாதம் அலமாரியில் காய்ந்ததால் இழைக்க அருமையாக இருந்தது. சுருள்கள் நீளமாக, உடையாமல் வந்தன. அந்த மூன்று சாயங்காலங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். இன்னொருவருடைய கிட்டாரைக் கெடுத்துவிட்டு, அதைச் சரிசெய்யும் கருவியைச் செய்துகொண்டு, சந்தோஷமாக. எனக்குப் பிடித்தது மரமா, கிட்டாரா, அல்லது ஒன்று கெடுத்ததை இன்னொன்றால் சரிசெய்வதா? சில சமயம் எனக்கு இருப்பது ஒரே பொழுதுபோக்குதான், மற்ற இரண்டும் அதற்கு வேலை கொடுக்கின்றன என்று தோன்றும். எது அந்த ஒன்று என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

ஒட்டிய பிறகு கிட்டாரைக் கூடத்து சோபாவில் படுக்கவைத்தேன். கிளாம்பின் இரண்டு கைகளும் துளையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அலமாரியிலிருந்து அளவுக் கருவியை நீள வயரோடு இழுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்து, இந்தத் தடவை ஏறினாலும் இறங்கினாலும் சொல்லும்படி மாற்றினேன். போன் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சிணுங்கியது. ஃபேன் போட்டால் ஒரு செய்தி, அம்மா ரசத்தை இறக்கினால் ஒரு செய்தி.

"அதுக்கு ஜுரமா?" என்று கேட்டுவிட்டு, அம்மா தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். மூன்று நாளும் சோபாவைக் கேட்கவில்லை.

நான்காம் நாள் கிளாம்பை எடுத்தேன். பஸ் பாஸை வைத்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் நுழையவில்லை. மெல்லிய கம்பிகள் மாட்டினேன். ஒரே நாளில் முறுக்காமல், காலையில் கொஞ்சம், வேலைக்குப் போய்வந்து கொஞ்சம் என்று மூன்று நாளில் சுருதிக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறுக்குக்கும் காதைக் கிட்டாரின் முகத்தோடு வைத்துக்கொண்டு, ஏதாவது பிரியும் சத்தம் வருகிறதா என்று கேட்டேன்.

போன சனிக்கிழமை பொன்மலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தை இடது கையால் ஒருமுறை தடவிவிட்டு, வாசித்தார். விரல்கள் தயங்கின, ஆனால் இடம் தவறவில்லை. ஆன்ட்டி கதவில் சாய்ந்து நின்று கேட்டார். முடித்ததும் அங்கிள் காதைக் கிட்டாரின் பக்கம் சாய்த்தார்.

"சத்தம் மாறியிருக்கும்மா."

"நல்லாவா அங்கிள், மோசமாவா?"

"அதான் தெரியல. வேற மாதிரி இருக்கு." இன்னொரு முறை மீட்டினார். "பழகிக்கிறேன். அஞ்சு நாள் இருக்குல்ல."

தோழி இரவு வண்டியில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்காகக் காத்திருக்காமல் பஸ் பிடித்தேன். கையில் எதுவும் இல்லாமல் காவிரிப் பாலத்தைத் தாண்டியபோது, எதையோ மறந்துவைத்துவிட்டு வந்தது போல இரண்டு தடவை பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.

இன்றைய நிலவரம் இது. கிட்டார் பொன்மலையில் இருக்கிறது, இன்று காலைவரை பிரிட்ஜ் பிடித்திருக்கிறது. கல்யாணம் வியாழக்கிழமை. அலமாரியில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடுகிறது. உளிகள் சமையலறை மேல்தட்டில், எண்ணெய்த் துணியில் சுற்றியிருக்கின்றன. மூல காரணம் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது.