பெயர் சொல்லிக் கேட்ட வாக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனை புளோறன்ஸ் அரசியலுக்கு வந்ததே வெள்ளத்தால்தான். கால்வாய் பெருகி ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் ஏறிய வருடம், தையல் வேலையை விட்டுவிட்டு கோயில் மண்டபத்தில் ஊருக்கே சமைத்துப் போட்டாள். அதைப் பார்த்த உள்ளூர் அரசியல்வாதி நாகேந்திரம் தன் கட்சியில் நிறுத்தி அவளை மாநகர சபை உறுப்பினராக்கினார். அவளுடைய மகளின் கல்யாணத்தையும் முன்னின்று நடத்தினார். கால்வாயோரச் சதுப்பில் ஒரு கூடை மண்ணும் கொட்டவிடமாட்டோம் என்று ஒரே மேடையில் பேசித்தான் இருவரும் வென்றார்கள்.

பிறகு கட்சி ஆளும் தரப்போடு சேர்ந்தது. அந்தத் தரப்புப் பெரியவர் ஒருவருக்கு நாகேந்திரம் சம்பந்தியுமானார். கொஞ்ச நாளில், சதுப்பை நிரப்பி வாகனத் தரிப்பிடம் கட்டும் பிரேரணை சபைக்கு வந்தது.

"தங்கச்சி, நாளைக்குக் கையைத் தூக்கவேணும்," என்றார் நாகேந்திரம்.

"நிரப்பினா மழைத்தண்ணி எங்க போகும், அண்ணன்? நீங்கள்தானே கேட்டனீங்கள்."

"அது அப்ப. இப்ப அவையோட ஒண்டா இருக்கிறம். முகத்தை முறிக்கேலாது."

"உங்களுக்கு ஏலாது. எனக்கு ஏலும்."

அன்றே மாளிகாவத்தைக்குப் போனாள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஷஸ்னாவின் வீடு அங்கே. தேர்தலில் ஒருவரை ஒருவர் வாய்கூசாமல் ஏசியவர்கள்.

"எங்கட ஆக்களும் தூக்கத்தான் போறாங்க, அக்கா," என்றாள் ஷஸ்னா. "எங்கட தலைவரும் உங்கட தலைவரும் இந்த விசயத்துல இப்ப கூட்டாளிதானே."

"நீங்கள்?"

"எங்கட வீட்டுக்குள்ளயும் தண்ணி வருது. நீங்க எழும்பினா நானும் எழும்புறன்."

மறுநாள் கைகள் உயருமுன் புளோறன்ஸ் எழுந்தாள். "கையைத் தூக்கி மறைய வேண்டாம். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கேளுங்கோ." ஷஸ்னா வழிமொழிந்தாள். மேல்மாடிப் பார்வையாளர் பகுதியில் வெள்ளம் கண்ட சனம் நிறைந்திருந்தது. பெயர் கூப்பிடக் கூப்பிட, சிலர் அண்ணாந்து பார்த்துவிட்டு "எதிர்ப்பு" என்றார்கள். சிலர் தேத்தண்ணி குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. நாகேந்திரம் மட்டும் குனிந்தபடி "ஆதரவு" என்றார். பிரேரணை தோற்றது.

கட்சி அவளை நீக்கியது, அதோடு சபைப் பதவியும் போயிற்று. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது நாகேந்திரம் வீட்டார் எட்டிப்பார்க்கவில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் சமாதானம் பேச அவள் போகவில்லை.

பிரேரணை மறுபடி வரும் என்கிறார்கள். இந்தமுறை தேர்தலில் அவள் சுயேச்சையாக நிற்கிறாள்.

"கட்சி இல்லாம வெல்லுவீங்களோ?" என்று பக்கத்து வீட்டு ஜெயராணி கேட்டாள்.

"தோத்தாலும் மண் லொறிக்கு முன்னால நிக்கிறதுக்கு ஆரிட்டயும் டிக்கட் கேக்கத் தேவையில்லை," என்றாள் புளோறன்ஸ்.